மனையில் நிற்கும் பெரிய மரம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, ஒரே பகலில் நகரெங்கும் பல்லாயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, குல்மொஹர், இயல்வாகை ஆகியவை அதிகம் விழுந்ததால், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்களே பலவீனமானவை என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையன்று. விழுந்த மரங்களின் தூரை, அதாவது அடிமரம் வேர்களாகப் பிரிந்து மண்ணுக்குள் இறங்கும் இடத்தை, பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது. வடிகாலுக்காகவும் கேபிளுக்காகவும் ஒரு பக்கத்து வேர்கள் அறுக்கப்பட்ட மரங்களும், அடிமரம்வரை சிமெண்டால் இறுக்கப்பட்ட மரங்களும், இனம் எதுவானாலும், காற்றைத் தாங்கவில்லை. பெரிய மரம் நிற்கும் பழைய வீட்டை வாங்கியவர்களும், பெற்றோரிடமிருந்து அப்படியொரு மனையைப் பெற்றவர்களும் முதலில் அண்ணாந்து கிளைகளைத்தான் பார்க்கிறார்கள், "இது வீட்டின்மேல் விழுமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி தூரில் தொடங்கிக் கிளைக்குப் போகிறது. தமிழகச் சமவெளியில் உள்ள வீட்டு மனைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் மரத்தை அளந்து அறிந்துகொள்ளுங்கள்

மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. தெருவில் நெடுநாள் குடியிருப்பவர் ஒருவரிடம் கேட்டால் பெயரோடு அதன் வயதும், எந்தப் புயலில் எந்தக் கிளை முறிந்தது என்பதும் சேர்ந்தே கிடைக்கும். வேம்பு, புளி, நாவல், புங்கன் போன்றவை வைரம் பாய்ந்து நிற்பவை. இவற்றின் கிளை முறிவதென்றால் அதற்கு முன்பே அழுகலோ பிளவோ இருந்திருக்க வேண்டும். முருங்கை, அகத்தி, வாதநாராயணன் ஆகியவற்றின் கட்டை மென்மையானது. நன்றாக இருக்கும்போதே முறியும். தூங்குமூஞ்சி குடையாக விரிந்து, தன் கிளைகளை மிக நீளமாகக் கிடைமட்டத்தில் நீட்டும் மரம். அது ஐம்பது அடி அகலம் விரிவதற்கு இடமில்லாத மனையில் அதனை வைத்துக்கொள்வோர் ஆண்டுதோறும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அடி ஆரம் என்று கணக்கிட்டு மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், அந்த மரம் உயிரோடும் உறுதியோடும் நிற்பதற்கு அவசியமான வேர்ப்பகுதி அதற்குள் அடங்கும் என்பது மர வல்லுநர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. 75 அங்குலச் சுற்றளவுள்ள வேம்பின் விட்டம் ஏறத்தாழ 24 அங்குலம். எனவே வட்டத்தின் ஆரம் 24 அடி, பரப்பு சுமார் 1,800 சதுர அடி. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதாவது மனையின் முக்கால் பங்குக்கு ஈடான நிலம் அந்த ஒரு மரத்தின் வேர்களுக்கு வேண்டியிருக்கிறது. மதிலோரம் நிற்கும் மரமென்றால் அதில் பாதி பக்கத்து வீட்டுக்குள்ளோ தெருவுக்கடியிலோ கிடக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் மனையின் வரைபடத்தோடு குறித்து வைத்துக்கொள்வது பின்னால் வரும் எல்லா முடிவுகளுக்கும் உதவும்.

பெரிய மரத்துக்கு ஆழமான ஆணிவேர் இருக்கிறது, அதுவே அதைத் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கன்றாக இருக்கும்போது ஆணிவேர் முக்கியம். வளர்ந்த மரத்தில் வேர்களின் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டடிக்குள்தான் பக்கவாட்டில் ஓடுகிறது, கிளைவிரிவின் எல்லையையும் தாண்டிச் செல்கிறது. நீரும் சத்தும் உறிஞ்சும் சல்லிவேர்கள் இன்னும் மேலே இருக்கின்றன. நாம் தரையில் செய்யும் எந்த வேலையும் நேராக இவற்றின்மேல்தான் விழுகிறது.

தூரைத் திறந்து பாருங்கள்

ஆரோக்கியமான மரத்தின் அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்தில் விரிந்து, பருத்த வேர்களாகப் பிரிந்து மண்ணுக்குள் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல், நட்டுவைத்த கம்பம்போல் மரம் நேராக மண்ணுக்குள் இறங்கினால், தூர் புதைந்திருக்கிறது என்று பொருள்.

நம் ஊர்களில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி சாலை போடுவதால் தெருமட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது; மழைநீர் வீட்டுக்குள் வருகிறது; வீட்டுக்காரர் வேறு வழியின்றி முற்றத்தில் இரண்டு மூன்று அடி மண்ணோ கட்டட இடிபாடோ கொட்டி மேடாக்குகிறார். அந்த மண் மரத்தின் தூரையும் சேர்த்து மூடிவிடுகிறது. வேர்களுக்கும் காற்று வேண்டும். மேலே மூன்றடி மண் இறுகியதும் பழைய வேர்கள் மூச்சின்றி மடியத் தொடங்கும், எப்போதும் ஈரத்தில் கிடக்கும் அடிமரப் பட்டை அழுகத் தொடங்கும். மரம் உடனே சாவதில்லை என்பதுதான் இதிலுள்ள வருத்தமான செய்தி. இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்சிக்கிளைகள் காயும். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு புயலில் மரம் வேரோடு சாயும். மண் கொட்டியது அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும், "ஏதோ நோய்" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

தூர் புதைந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டாம். கையாலும் சிறு குச்சியாலும் அடிமரத்தை ஒட்டிய மண்ணை மெல்லக் கிளறி, முதல் பருத்த வேர் தென்படும்வரை அகற்றுங்கள். பட்டையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடிபாட்டுக் கற்களும் சிமெண்டுக் கட்டிகளும் வந்தால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். தூரைச் சுற்றிக் குறைந்தது மூன்றடிக்கு இவ்வாறு திறந்தபின், வெளிப்பக்கத்து மண் சரியாமல் இருக்கச் சிமெண்டுப் பூச்சில்லாமல் கருங்கல்லை வட்டமாக அடுக்கி ஒரு தொட்டிபோல் அமைத்து, அதில் மழைநீர் தேங்காமல் வடிய ஒரு வழியும் விட வேண்டும். திறந்த தூரில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றால் புதைத்து வைத்ததைவிடக் கேடு. இனிமேல் முற்றத்தை உயர்த்தப் போகிறவர்கள் மண் கொட்டுவதற்கு முன்பே இந்தக் கல்வட்டத்தைக் கட்டிவிட்டால் செலவும் குறையும், மரமும் பிழைக்கும்.

தரையில் சிமெண்டோ டைல்ஸோ போட்டிருந்தால் அடிமரத்தைச் சுற்றியுள்ள பகுதியை உடைத்தெடுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போடப்பட்ட கான்கிரீட்டை அகற்றுமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. வீட்டு மனையிலும் அந்த ஒரு மீட்டரைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளலாம், முடிந்தால் இரண்டு மீட்டர் விடுங்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் இடைவெளிவிட்டுப் பதிக்கும் கற்களைப் போட்டு, இடையில் புல்லோ சரளையோ நிரப்பலாம்.

தூரைத் திறக்கும்போது அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக் கிடக்கும் பழைய கொடிக்கம்பி, தீபாவளி விளக்குக்காகச் சுற்றிய ஒயர், பெயர்ப்பலகைக்காக அடித்த ஆணி ஆகியவற்றையும் பார்த்து எடுங்கள். பட்டைக்குள் பாதிக்குமேல் புதைந்துவிட்ட கம்பியைப் பிடுங்காதீர்கள். இருபுறமும் நறுக்கி, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.

மனையில் தோண்டும்போது

மதில், நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, வடிகால் ஆகியவற்றுக்காகப் பள்ளம் எடுக்கும்போதுதான் மரங்கள் தங்கள் பிடிமானத்தை இழக்கின்றன. முன்பு போட்ட வட்டத்துக்குள் தோண்டாமலிருப்பதே நல்லது. சிறிய மனையில் அது முடியாதென்றால், அடிமரத்திலிருந்து அதன் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் எந்த நிலையிலும் மண்வெட்டி படக்கூடாது என்று மேஸ்திரியிடம் தெளிவாகச் சொல்லி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது பொக்லைன் ஓட்டுபவரின் காதுக்குப் போய்ச் சேராது. கோடு கண்ணுக்குத் தெரியும்.

மதில் மரத்தை ஒட்டியே வரவேண்டியிருந்தால், தொடர் அடித்தளத்துக்குப் பதிலாக இடைவெளிவிட்டுத் தூண்குழிகள் மட்டும் எடுத்து, அவற்றின்மேல் தரைமட்டத்தில் கான்கிரீட் உத்தரம் போட்டுச் சுவரை எழுப்பலாம். வேர்கள் உத்தரத்துக்கடியில் தடையின்றிப் போகும். இதைப் பெரும்பாலான மேஸ்திரிகள் செய்யத் தெரிந்தவர்கள்தான், நாம்தான் கேட்பதில்லை. குழாய் பதிக்க நேர்ந்தால் கையால் பள்ளம் எடுத்து, கைப்பருமனுக்கு மேற்பட்ட வேர்களுக்கு அடியில் குழாயை நுழைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற வேரைக் கூர்மையான ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். இயந்திரம் பிய்த்தெடுத்த வேரில் பிளவு உள்ளே வெகுதூரம் ஓடி அழுகலுக்கு வழி விடும். ஒரு பக்கத்து வேர்கள் கணிசமாக அறுபட்டுவிட்டால், அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு அந்த மரத்தைச் சந்தேகத்துடனேயே கவனித்துவர வேண்டும்.

ஆலும் அரசும் வேறு வகை. மரமாக மனையில் நிற்பதைவிட, பறவைகள் எச்சத்தோடு கொண்டுவந்து போட்ட விதையிலிருந்து கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் முளைப்பவைதான் வீட்டுக்கு ஆபத்து. விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, விரிசலைப் பூசிவிடுங்கள். இலையை மட்டும் கிள்ளிவிட்டால் வேர் சுவருக்குள் பருத்துக்கொண்டே போகும்.

நீரும் மூடாக்கும்

வளர்ந்த மரத்துக்கு அன்றாடம் நீர் ஊற்றத் தேவையில்லை. கோடையில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அடிமரத்தில் அல்லாமல் கிளைவிரிவின் விளிம்புக்குக் கீழே மண் ஆழமாக நனையும்படி விட்டால் போதும். உதிரும் சருகைப் பெருக்கி எரிப்பதை நிறுத்துங்கள். மரத்தடியில் மூட்டிய குப்பைத் தீ அடிமரப் பட்டையை வேகவைத்து, வெளியில் தெரியாமலே ஒரு பக்கத்தைக் கொன்றுவிடும். அந்தச் சருகையே மூன்று நான்கு அங்குலக் கனத்தில் மூடாக்காகப் பரப்பலாம், அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு.

ஆண்டுக்கொரு முறை ஆய்வு

ஆடிக்காற்றுக்கு முன்பாக, ஆனி மாதத்தில், முழுமையான ஓர் ஆய்வைச் செய்யுங்கள். அதில் தெரியும் குறைகளை ஆகஸ்டு முடிவதற்குள் சரிசெய்துவிட்டால், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையையும் அதனோடு வரும் புயல்களையும் அச்சமின்றி எதிர்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்தபின் ஆள் தேடுவது வீண். ஊர் முழுவதும் அப்போதுதான் தேடும், கிடைப்பவரும் அவசரத்தில் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போவார்.

மரத்தை மூன்று முறை சுற்றி வாருங்கள். முதல் சுற்றில் தரையையும் தூரையும் மட்டும் பாருங்கள்: மண்ணில் வளைவாக ஓடும் வெடிப்பு, ஒரு பக்கம் மண் தூக்கிக்கொண்டிருத்தல், தூரில் அடுக்கடுக்காக வளர்ந்த கெட்டியான காளான், கரையான் மண்பூச்சு, பட்டை உப்பி உள்ளே வெற்றிடமாக இருத்தல். இவற்றுள் மண்வெடிப்பும் தூர்க்காளானும் மிகக் கடுமையான எச்சரிக்கைகள். இரண்டாம் சுற்றில் அடிமரத்தைச் சிறு மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடமும் உள்ளீடற்ற இடமும் வேறுவேறாக ஒலிக்கும். பொந்து தெரிந்தால் ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. சுற்றிலும் உள்ள நல்ல கட்டையின் கனம் அந்த இடத்து ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கும் என்பது வல்லுநர்களின் கணக்கு. அதற்குக் குறைந்தாலோ, பொந்து ஒரு பக்கமாகத் திறந்திருந்தாலோ அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். பொந்தைச் சிமெண்டால் அடைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மரம் காற்றில் வளையும், சிமெண்டு வளையாது, இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி அழுகல் வேகமெடுக்கும்.

மூன்றாம் சுற்றில் கிளைகளைப் பாருங்கள். பட்டுப்போன கிளை, தொங்கிக்கொண்டிருக்கும் முறிந்த கிளை, இரண்டு பெருங்கிளைகள் மிகக் குறுகிய கோணத்தில் சேரும் கவையில் தெரியும் விரிசல் ஆகியவை முக்கியம். புல்லுருவியையும் தேடுங்கள், மாமரத்தில் இலையின் வடிவமும் நிறமும் ஒரு கொத்தில் மட்டும் மாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் புல்லுருவிதான். அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓரடி கீழே, பூத்துக் காய்க்கும் முன்பாக, கிளையோடு வெட்டி எடுக்க வேண்டும். புல்லுருவியை மட்டும் பிடுங்கினால் மீண்டும் துளிர்க்கும்.

சாய்ந்திருக்கும் மரத்தைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம். கன்றுப்பருவத்திலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம், உச்சிக்குப் போகப்போக நிமிர்ந்திருக்கும். அது தன்னைச் சமன்செய்துகொண்ட மரம். அடியிலிருந்து நுனிவரை ஒரே கோடாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருந்தால் அது அண்மையில் சாய்ந்தது. அன்றே அதன் கீழ் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும்.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தில் வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் தீயில் பொசுங்கியதுபோல் பழுத்துக் காய்வதைப் பார்த்து, மரம் செத்துவிட்டதென்று பலர் வெட்டிவிட்டார்கள். இது பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சி குத்திய காயங்களும் இதற்குத் துணைபோகின்றன. ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கி மழை முடியும்வரை பரவும். பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். உங்கள் வேம்பு காய்ந்து தெரிந்தால், எட்டும் உயரத்தில் ஒரு கிளையின் மேல்பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சற்றே சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் அது உயிரோடிருக்கிறது, பங்குனிவரை பொறுத்திருங்கள். மழைக்காலத்தில் வேம்பைக் கவாத்து செய்யாதீர்கள், அதாவது கிளைகளைக் கழிக்காதீர்கள்.

தென்னைக்கு வேறு கண் வேண்டும்

தென்னையில் அடிமரத்துக் காயம் ஒருபோதும் மூடாது; மற்ற மரங்களைப்போல் புதுப்பட்டை வளர்ந்து மூடும் அமைப்பு அதற்கில்லை. ஏறுவதற்காகப் படி வெட்டுவதும் ஆணி அடிப்பதும் சிவப்புக் கூன்வண்டுக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும். தண்டில் துளையும், அதிலிருந்து வழிந்த பழுப்பு நிறச் சாறும், மென்று துப்பியது போன்ற நாரும் தெரிந்தால் கூன்வண்டின் புழு உள்ளே இருக்கிறது. அமைதியான நேரத்தில் தண்டில் காதை ஒட்டவைத்தால் கறகறவென்று அது தின்னும் ஓசை கேட்பதும் உண்டு. நடுக்குருத்து வாடும்வரை காத்திருந்தால் மரத்தை மீட்பது கடினம். விரிந்த மட்டைகளில் கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு; அருகிலுள்ள எருக்குழியிலும் மட்கிய கட்டையிலும்தான் அது பெருகும் என்பதால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

தூரிலிருந்து சிவந்த பழுப்புச் சாறு வடிந்து, அடிமட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் தஞ்சை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்ததால் இந்தப் பெயர். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது நோயை மட்டுப்படுத்தும். மற்ற சிகிச்சைக்கு உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள தென்னையில் முற்றிய காயும் காய்ந்த மட்டையும் தலையில் விழுவதே அன்றாட அபாயம். நாற்பது, ஐம்பது நாட்களுக்கொரு முறை ஆள் ஏற்றிக் காயையும் பழுத்த மட்டையையும் பன்னாடையையும் இறக்கிவிடுங்கள். பச்சை மட்டையை வெட்ட விடாதீர்கள்; அது மரத்தின் உணவையே குறைப்பதாகும்.

கவாத்து

தரையில் நின்றபடி, கைவாளுக்கு எட்டுகிற, மணிக்கட்டைவிட மெல்லிய கிளையை வீட்டுக்காரரே வெட்டலாம். ஏணியில் ஏற வேண்டுமென்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

எந்தக் கிளையையும் மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளையின் பாரம் இப்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் சுத்தமாக விழும். மீதமுள்ள முளையை மூன்றாம் வெட்டில் எடுக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெட்டுப்படாமல், ஆனால் அதை ஒட்டியே அறுக்க வேண்டும். மரம் தன் காயத்தை மூடும் ஆற்றல் அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. அடிமரத்தோடு வழித்து வெட்டினாலும், ஒரு முழம் முளையாக விட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும்.

வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்டும் பூசுவது பழைய வழக்கம். அமெரிக்க வனவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல்லாண்டுகள் மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புகளை எழுப்பிக்கொள்வதையும், மேற்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் காட்டினார். நிழல்மரத்தில் சுத்தமான வெட்டே போதுமானது.

ஓராண்டில் பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முதிய மரத்தில் அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். மாமரத்தைக் காய்ப்பு முடிந்ததும் ஜூலை, ஆகஸ்டில் கவாத்து செய்யலாம். கூடுகளில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறக்கும்வரை வேலையைத் தள்ளிவையுங்கள்.

உச்சியை மொட்டையடிப்பதைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன்: அது மரத்தைப் பாதுகாப்பாக்குவதில்லை. மொட்டையடித்த இடத்திலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேற்பட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பவை. நான்கைந்து ஆண்டுகளில் அவை பழைய உயரத்துக்கு வந்துவிடும், கீழே வெட்டுவாய் அழுகியிருக்கும், அடுத்த காற்றில் பிய்ந்து விழுபவை அவைதான். உட்புறக் கிளைகளை ஆங்காங்கே கழித்துக் காற்று உள்நுழைந்து செல்ல வழிவிடுவதே புயலுக்கான கவாத்து.

ஆட்களை அமர்த்தும்போது, வெட்டும் விறகைக் கூலியாக எடுத்துக்கொள்ளும் பேச்சுக்கு உடன்படாதீர்கள். எவ்வளவு வெட்டுகிறாரோ அவ்வளவு அவருக்கு லாபம் என்றிருக்கும்போது, உங்கள் மரத்தில் மிச்சம் இருக்காது. நாட்கூலி பேசி, வெட்ட வேண்டிய கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டு, வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள். ஏறுபவருக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் இருக்க வேண்டும். இறக்கும் கிளைக்குத் தனிக்கயிறு வேண்டும். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள், அல்லது அன்றைய வேலையை நிறுத்துங்கள். மழை நனைத்த மரத்தில் யாரையும் ஏற்றக்கூடாது.

மின்கம்பி

மின்கம்பியிலிருந்து பத்தடிக்குள் உள்ள எந்தக் கிளையையும் நாமோ நாம் அமர்த்தியவரோ தொடக்கூடாது. தெருவில் ஓடும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கிறது. வீட்டுக்கு வரும் கம்பியின் 230 வோல்ட்டும் உயிரை எடுக்கப் போதும். தேங்காயும் முருங்கைக்காயும் பறிக்கும் இரும்புத் தொரட்டி கம்பியில் பட்டு நேர்ந்த மரணங்கள் நம் ஊர்ச் செய்திகளில் ஓயாமல் வருகின்றன. பச்சை மூங்கிலும் ஈரமூங்கிலும்கூட மின்சாரத்தைக் கடத்தும். பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி அவர்கள் ஆட்களே வெட்டுமாறு கேளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

அனுமதியும் அண்டை வீடும்

மதிலுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரம், நீங்களே நட்டு நீரூற்றியிருந்தாலும், உங்களுடையதன்று. மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிடம் மனு கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுக்கள் பொது இடத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகளை ஆராய்கின்றன. சொந்த மனையிலும் சில மரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு: சந்தன மரத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடப்பிலிருக்கிறது. மற்ற மரங்களுக்கும் வெட்டுமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரைமேல் சாய்ந்து நின்றால் முதலில் நேரில் பேசுங்கள். படங்களோடு ஒரு கடிதமும் கொடுங்கள். பேச்சில் தீராமல், மரம் விழுந்து ஆளுக்குக் கேடு வரும் நிலையிலிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருப்பது அத்தகைய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரத்தை அவருக்கு அளிக்கிறது.

புயலுக்குப் பின்

காற்று முழுவதும் அடங்கியபின்பே வெளியே வாருங்கள். புயலின் கண் கடக்கும் அமைதியை முடிவென்று நம்பிவிடக்கூடாது. அறுந்த கம்பி தரையிலோ மரத்திலோ கிடந்தால் குறைந்தது முப்பத்து மூன்று அடி விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சென்னையில் விழுந்த மரத்துக்கு மாநகராட்சியின் 1913-ஐயும், ஆள் சிக்கியிருந்தால் தீயணைப்புத் துறையின் 101-ஐயும் அழைக்கலாம்.

விழுந்த மரம் அசையாமல் கிடப்பதாகத் தோன்றினாலும் அதன் வளைந்த கிளைகளில் பெரும் விசை அடங்கியிருக்கும். தவறான இடத்தில் அறுத்தால் துள்ளி வந்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால் வேர்ப்பந்து சட்டென நிமிர்ந்து குழிக்குள் விழுவதுண்டு. குழிக்குள் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக்கூடாது. இளமரம் சாய்ந்திருந்து வேரில் பாதிக்குமேல் மண்ணிலேயே இருந்தால், வேரை ஈரச்சாக்கால் மூடி, ஓரிரு நாளுக்குள் மெல்ல நிமிர்த்தி, தழையைச் சற்றே குறைத்து, மூன்று பக்கம் முட்டுக்கொடுத்து ஓராண்டு காக்கலாம். பெருமரத்தை நிமிர்த்தி வீட்டருகே வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறுபட்ட தாங்குவேர்கள் பழைய வலுவுக்குத் திரும்புவதில்லை.

அகற்றத்தான் வேண்டுமென்றால்

தூர் அழுகி, சாயும் திசையில் வீடோ நடைபாதையோ இருந்து, கவாத்தாலும் முட்டாலும் சரிசெய்ய முடியாது என்று அறிந்தவர் ஒருவர் சொன்னபின் மரத்தை எடுப்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வெற்றிடம் சுற்றிலும் இல்லாத மனையில் முழுமரமாகச் சாய்க்கக்கூடாது. உச்சியிலிருந்து துண்டுதுண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். அடிக்கட்டையைச் சாக அடிக்க அமிலமோ வேறு நஞ்சோ ஊற்றாதீர்கள்; அருகிலிருக்கும் மற்ற மரங்களின் வேர்களையும் கிணற்று நீரையும் அது கெடுக்கும். தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே மண்ணும் சாணமும் போட்டு மூடி, துளிர்களைக் கிள்ளிக்கொண்டே வந்தால் கட்டை தானாக மட்கும். அவ்வாறு மட்கும்போது மண் உள்வாங்கும் என்பதால் அந்த இடத்தில் உடனே சுவரோ தூணோ எழுப்ப வேண்டாம்.

மாற்றாக நடும் கன்றைப் பழைய குழியிலேயே வைக்காமல் ஆறேழு அடி தள்ளி வையுங்கள். கடலோர மண்ணுக்குப் புன்னையும் பூவரசும், களிமண்ணுக்குப் புங்கனும் நாவலும், சிறிய மனைக்கு மகிழமும் பொருந்தும். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பதினைந்து அடி விடுங்கள்; பையில் வேர் சுருண்டிருந்தால் நடும்போதே அதைப் பிரித்து விரித்து, தூர் தரைமட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி மண்ணைத் தள்ளி மூடுங்கள்.